பட்டாலையில் ஒரு படகு: ரோயிங் கருவியும் பம்பைப் பயணமும், நூறு மணி நேரத்துக்குப் பிறகு

சென்ற ஆடி மாதம் கான்செப்ட் டூ நிறுவனத்தின் ரோஎர்க் என்ற துடுப்புப் பயிற்சிக் கருவியை வாங்கி, காரைக்குடியை அடுத்த எங்கள் ஊர் வீட்டின் பட்டாலை என்ற கூடத்தில் போட்டேன். கேரளத்தில் ஆறன்முளைக்குச் சற்றுக் கீழே பம்பையாற்றில் தொடங்கி, வேம்பநாட்டுக் காயல் வழியாக வைக்கம் வரை செல்லும் ஐந்து நாள் துடுப்புப் படகுப் பயணத்தில் கார்த்திகை மாதத்துக்கு இடம் பதிவு செய்திருந்தேன். அந்தப் பயணத்துக்கு உடம்பைத் தயார்செய்வது ஒன்றுதான் கருவியை வாங்கியதன் நோக்கம். ஆகவே இந்த மதிப்புரையும் ஒரே கேள்வியைப் பற்றியது. கல்லூரி நாட்களில் போட்டிப் படகில் துடுப்பு வலித்து, அதாவது இழுத்து, பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் துடுப்பையே தொடாமல் இருந்த 48 வயதுப் பெண்ணை, ஆறே இல்லாத ஊரில் இருந்தபடி இந்தக் கருவி ஆற்றுக்குத் தயார்செய்யுமா? பதினாறு வாரங்களில் ஏறக்குறைய நூறு மணி நேரம் இதன்மேல் அமர்ந்திருக்கிறேன். பயணத்தையும் முடித்துத் திரும்பிவிட்டேன். எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை இப்போது உறுதியாக எழுத முடிகிறது.

செட்டிநாட்டில் தண்ணீர் என்றால் ஊரணியும் கண்மாயும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு. கோடை முற்றுவதற்குள் தரை தெரிந்துவிடும். தெப்பத் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும் தெப்பத்தைத் தவிர, மிதக்கும் கலம் எதையும் சிறுவயதில் நான் ஊரில் பார்த்ததில்லை. துடுப்பு வலிக்கக் கற்றுக்கொண்டது சென்னையில், அடையாற்றில். 1867-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் போட் கிளப் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அது அமைந்துள்ள ராஜா அண்ணாமலைபுரம் எங்கள் செட்டிநாட்டுக்காரரான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கியது என்பதில், வீட்டை விட்டு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சிறிய ஆறுதல் இருந்தது. வறண்ட நிலத்துக்காரர்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், தத்து போகனல் என்ற பெயரை நினைவுபடுத்துவேன். மகாராஷ்டிரத்தின் வறட்சி மிகுந்த நாசிக் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ராணுவத்தில் சேர்ந்து, 2012-இல்தான் துடுப்பைக் கையில் எடுத்தவர் அவர். நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்கில், ஒருவரே இரண்டு துடுப்பும் வலிக்கும் ஒற்றையர் ஸ்கல் பிரிவில் 13-ஆம் இடத்தைப் பிடித்தார். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நால்வர் படகில் தங்கமும் வென்றார்.

முதலில் கருவி வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊர்ப்புறத்தில் இருந்து வாங்குபவர்களுக்கு இதுதான் முதல் சோதனை. இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள். கொண்டுவந்த லாரி சர்வீஸ்காரர்கள் முகப்புவரை ஏற்றிவைக்க மறுத்து, தெருவில் வேப்ப மரத்தடியில் இறக்கிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். ஒரு பெட்டியின் மூலை கிழிந்து, போல்ட்டுகள் இருந்த பொட்டலம் வழியில் எங்கோ விழுந்திருந்தது. கையெழுத்துப் போடும் முன் பெட்டியைப் பிரித்துப் பார்த்ததால், குறைவு என்று அவர்கள் தாளிலேயே எழுதி வாங்க முடிந்தது. விற்பனையாளர் பத்து நாளில் மாற்றுப் பொட்டலம் அனுப்பினார். பிரிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பொட்டலத்துக்கு நான் பல மாதம் அலைந்திருக்க வேண்டும். பூட்டுவது எளிது. தேவையான சாவிகள் பெட்டியிலேயே வருகின்றன, அரை மணி நேரம் போதும்.

நீளம் 244 சென்டிமீட்டர், அகலம் 61 சென்டிமீட்டர், எடை 26 கிலோ. பயன்படுத்தாதபோது சாவி எதுவும் தேவைப்படாமல் இரண்டு துண்டாகக் கழற்றிவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த நீளம் தொந்தரவாக இருக்கலாம். எங்கள் ஊர் வீடுகளில் இடத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை. எனக்கு இருந்த கவலை தரையைப் பற்றியது. பட்டாலைத் தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின்மேல் கையால் சாயம் ஊற்றி, சிமெண்டு இட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி எடுக்கப்படும் அந்தக் கல்லின் மேல்பூச்சு, நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் தன்மையது, கீறல் விழுந்தால் திரும்ப எடுக்க முடியாது. கருவியின் கால்களில் ரப்பர் இருந்தாலும், வலிக்கும்போது கருவி முழுவதும் ஒரு நூல் அளவு முன்னும் பின்னும் அசையும். செம்மண் பொடி இடையில் சிக்கினால் அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதலில் கோரைப்பாய் விரித்தேன், வழுக்கியது. பிறகு சைக்கிள் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி வெட்டிப் போட்டேன். அசைவு நின்றது. ஆனால் ஒரு மாதத்தில் கருப்புக் கறை கல்லில் இறங்கிவிட்டது. அந்த இரண்டு கற்களைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் சங்கடப்படுகிறது. தடித்த பருத்தி ஜமக்காளத்தை நான்காக மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் ரப்பரை விரிப்பதே சரியான முறை. இந்தத் தரை உள்ள வீட்டுக்காரர்கள் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள்.

கருவி வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உடற்பயிற்சிக் கூடங்களில் பலரும் இதைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். கைப்பிடியை இழுத்தால் சங்கிலி ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரம் காற்றைத் துழாவும்போது ஏற்படும் எதிர்ப்புத்தான் நம் கைக்கு வந்து சேரும் பாரம். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு பாரம் கூடும். பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட டாம்பர் என்ற நெம்புகோல் உண்டு. அது சக்கரக் கூட்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. சைக்கிளின் கியர் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள். 10-இல் வைத்தால் கடினமான பயிற்சி என்று நினைப்பது தவறு. அது கனத்த சுமைப் படகை இழுப்பதைப் போன்ற உணர்வைத் தரும், பழக்கமில்லாத இடுப்பு நாலு நாளில் பிடித்துக்கொள்ளும். போட்டிக்காரர்களே பெரும்பாலும் 3 முதல் 5 வரைதான் வைக்கிறார்கள்.

உண்மையான அளவு டிராக் ஃபேக்டர் எனப்படுவது. ஒவ்வொரு வலிப்புக்கும், அதாவது இழுப்புக்கும், இடையில் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதைக் கணிப்பொறித் திரை அளந்து, அந்த நேரத்துக் காற்றின் அடர்த்தி, கூட்டில் படிந்த தூசி எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஓர் எண்ணாகத் தருகிறது. இதனால்தான் கடல்மட்டத்தில் உள்ள ஊரிலும் மலையூரிலும் வலிப்பவர்களின் நேரத்தை நேர்மையாக ஒப்பிட முடிகிறது. தூசியைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். டாம்பரை 4-இல் வைத்தபோது முதல் வாரம் திரையில் 125 என்று காட்டிய எண், ஏழாவது வாரத்தில், நெம்புகோலைத் தொடாமலே, 112-க்கு இறங்கியிருந்தது. கை இலேசாக இழுப்பது போல இருந்ததற்கு என் உடல் தேறியதுதான் காரணம் என்று மகிழ்ந்திருந்தேன். கூட்டின் துளைகளை விளக்கடித்துப் பார்த்தபோது, உள்வலை முழுவதும் செம்மண் தூசி மெல்லிய துணி போலப் படர்ந்திருந்தது. ஆடிக் காற்று முற்றத்தின் வழியாகக் கொண்டுவந்து கொட்டியது அது. பெயிண்டு தூரிகையால் தட்டி, தூசி உறிஞ்சியால் இழுத்தபின் எண் மறுபடி 124-க்கு வந்தது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் இந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை இந்த எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. சுத்தம் செய்ய வேண்டிய நாளை அது நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

சங்கிலிக்கு 50 மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை எண்ணெய் இட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. உலோகத் துருவை ஆராய்வதையே பணிகளில் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருப்பதால், அங்கே பணிபுரிந்து ஓய்வுபெற்ற உறவினரிடமே கேட்டேன். சமையலறை எண்ணெய் எதையும் தொடக்கூடாது, அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைக்கும், தூய கனிம எண்ணெயைத் துணியில் நனைத்து இழுத்துத் துடைத்துவிட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். நூறு மணி நேரம் கழிந்தும் சங்கிலியில் ஒரு புள்ளித் துரு இல்லை. இருக்கை உருளும் தண்டவாளத்தைத் தினமும் துடைக்க வேண்டும். துடைக்காத நாளில் இருக்கை கடகடவென்று அதிர்வதை உடனே உணரலாம். மின்சாரம் தேவையில்லை. திரை இரண்டு பெரிய பேட்டரியில் இயங்குகிறது, வலிக்கும்போது சக்கரமே அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொள்கிறது. மின்வெட்டு என்ற காரணத்தைச் சொல்லிப் பயிற்சியைத் தள்ளிப்போட எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

ஓசை உண்டு. காற்றைத் துழாவும் எந்தக் கருவியிலும் அது இருக்கும், ஆனால் உயர்ந்த உத்தரமும் பர்மாத் தேக்குத் தூண்களும் வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் உள்ள பட்டாலையில் அது எதிரொலித்து இரண்டு மடங்காகக் கேட்கும். ஐந்தாவது நாள் அம்மா வந்து நின்று, "வெளக்கு வச்சதுக்கப்பெறம் இதப் போடாதத்தா, சாமி வீட்ல ஒக்காந்து ரெண்டு பாட்டுச் சொல்ல முடியல" என்றார். அன்று முதல் காலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டேன். அது நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் பயணத்திலும் காலை ஆறு மணிக்குப் படகு புறப்பட்டுவிடும்.

முதல் வாரம் பழைய நினைப்பில் 2,000 மீட்டர் வலித்துப் பார்த்தேன். அந்தத் தூரம்தான் ஒலிம்பிக் போட்டித் தூரம். கல்லூரிக் காலத்தில் எட்டு நிமிடத்தைச் சற்றே தாண்டி முடித்திருக்கிறேன். இப்போது 9 நிமிடம் 52 நொடி ஆனது, முடித்தபின் பட்டியக்கல்லில் கால்மணி நேரம் படுத்திருந்தேன். அந்தக் கால்மணி நேரத்தில்தான் எனக்கு ஒன்று தெளிந்தது. நான் தயாராக வேண்டியது எட்டு நிமிடத்துக்கு அல்ல, ஐந்து நாட்களுக்கு, நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு. முன்னாள் போட்டிக்காரர்கள் அனைவருக்கும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. உடம்பு மறந்துவிட்ட வேகத்தை மனம் மறக்காமல் வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 30 வலிப்புக்கு மேல் போய்ப் பழகிய கைக்கு, 18 வலிப்பில் ஒரு மணி நேரம் அமைதியாகப் போவது தண்டனை போலத் தெரியும். ஆற்றுப் பயணம் முழுவதும் 18 முதல் 20 வரையிலான அந்த அளவில்தான் நடக்கும்.

அதனால் வாரத்தில் ஐந்து நாள், பேச்சுக் கொடுத்தால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிற அளவில், மெதுவான நீண்ட பயிற்சியையே செய்தேன். நாற்பது நிமிடத்தில் தொடங்கி, பன்னிரண்டாவது வாரத்தில் தொண்ணூறு நிமிடத்தைத் தொட்டேன். வலிக்கும்போது கால், இடுப்பு, கை என்ற வரிசையும், திரும்பும்போது கை, இடுப்பு, கால் என்ற வரிசையும் மாறாமல் இருக்கிறதா என்பதை மட்டும் கவனித்தேன். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து சாய வேண்டும். துடுப்பு வலிப்பவர்களுக்கு அதிகமாக அடிபடும் இடம் கீழ்முதுகுதான், நாற்பதைக் கடந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். பதினாறாவது வாரம் மறுபடி 2,000 மீட்டரைப் பார்த்தேன். 9 நிமிடம் 4 நொடி. நேரத்தில் இது 8 விழுக்காட்டு முன்னேற்றம் மட்டுமே. ஆனால் வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஆற்றல் தேவை கூடும் என்பதே இந்தக் கருவியின் கணக்கு என்பதால், உடம்பு கொடுத்த ஆற்றல் 108 வாட்டிலிருந்து 139 வாட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 29 விழுக்காடு, கூடியிருந்தது. 500 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் கடக்க 104 வாட் போதும், இரண்டு நிமிடத்தில் கடக்க 203 வாட் வேண்டும் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் சில நொடி முன்னேற்றத்தைக் குறைவாக எண்ண மாட்டார்கள். திரை இதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது, பொய் சொல்வதில்லை. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே.

இனி ஆறு. பயணத்தை நடத்தியது குட்டநாட்டைச் சேர்ந்த சிறிய குழு. அவர்களிடம் கண்ட குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். நான்கு பேர் ஆளுக்கு இரண்டு துடுப்பு வலிக்க, ஐந்தாமவர் காக்ஸ் எனப்படும் சுக்கான்காரராக அமரும் அகன்ற பயணப் படகுகள் மூன்று. பம்பையை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சபரிமலை வழியாகத் தெரியும். மாலை போட்ட உறவினர்கள் குளித்துவிட்டு மலையேறும் அந்த நீர்தான் இங்கே அகன்று, இருகரையும் தென்னை நிற்க, மெதுவாக இறங்கி வருகிறது. முதல் காலை பனி விலகாத நேரத்தில் படகில் ஏறி, காலைப் பலகையில் கட்டிக்கொண்டு, இருபது வலிப்புப் போனதும், காக்ஸாக இருந்த குட்டநாட்டுப் பையன் "ஈசி ஓர்!" என்று குரல் கொடுத்தான். அடையாற்றில் கேட்ட அதே சொல். நான் யோசிப்பதற்கு முன்பே என் கைகள் நின்று, துடுப்புத் தகடுகள் நீர்மேல் படுத்துவிட்டன. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தச் சொல்லை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கருவி சொல்லித்தராதது எது என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. போட்டிக் காலத்தில் நான் ஸ்வீப், அதாவது இரு கையாலும் ஒரே நீளத் துடுப்பை வலித்தவள். இங்கே இரண்டு துடுப்பு. நெஞ்சுக்கு நேரே கைகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இடது கை சற்று மேலாகப் போக வேண்டும். கருவியின் கைப்பிடியோ ஒற்றைக் கம்பி, அதில் கடப்பதே இல்லை. இடது கட்டைவிரல் நகம் ஒவ்வொரு வலிப்பிலும் வலது கை விரல் முட்டிகளைச் சீவிக்கொண்டே வந்து, பத்து மணிக்கு இரண்டு விரல் முட்டிகளில் தோல் உரிந்து, துடுப்புப் பிடியில் ரத்தம் பிசுபிசுத்தது. கைக் காய்ப்பும் அப்படித்தான். பதினாறு வாரம் கருவியில் இழுத்து விரல் அடியில் காய்ப்பு ஏறியிருந்தது. ஆனால் துடுப்பை நீரிலிருந்து எடுத்ததும் தகட்டைப் படுக்கையாகத் திருப்ப வேண்டும், அதற்குக் கட்டைவிரலின் உள்பக்கம் உருள வேண்டும்; அந்த இடத்தில் தோல் குழந்தைத் தோலாக இருந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இது புரியும். வீட்டு முற்றத்தில் எத்தனை மைல் நடந்திருந்தாலும், குன்றக்குடியைத் தாண்டியபின் கொப்புளம் வரும் இடம் வேறாகத்தான் இருக்கும்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. தரையில் நிற்கும் கருவியில் நம் உடல்தான் முன்னும் பின்னும் போகிறது, கருவி நிற்கிறது. நீரில் நாம் ஏறக்குறைய ஓரிடத்தில் இருக்க, படகு நமக்குக் கீழே ஓடுகிறது. திரும்பும் வேளையில் அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தால் கருவி ஒன்றும் சொல்லாது. படகில் அந்தப் பாய்ச்சல் முழுவதும் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளி, வலித்துச் சேர்த்த வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எனக்கு முன்னால் அமர்ந்திருந்த கோட்டயத்துப் பள்ளி ஆசிரியை ஒருமுறைகூடப் போட்டியில் வலித்ததில்லை. என்னைவிட வலுவும் குறைவு. ஆனால் அவர் திரும்பிவரும் நிதானத்தில் படகு சறுக்கிச் செல்வதை என் இருக்கையிலேயே உணர முடிந்தது. இரண்டாம் நாள் முழுவதும் நான் அவருடைய தோளைப் பார்த்து, துடுப்பு அதன் கவ்வியில் திரும்பும் 'டக்' என்ற ஓசையைக் கேட்டு, அந்த நிதானத்தைக் கற்றுக்கொண்டேன். நான்கு 'டக்'குகளும் ஒன்றாகக் கேட்ட ஒரு நூறு மீட்டர், வீயபுரத்தைத் தாண்டி வந்தது. கருவியை முன்பின் உருள வைக்கும் ஸ்லைடு என்ற துணைச்சட்டம் தனியாகக் கிடைக்கிறது. படகுக்காகவே பயிற்சி செய்பவர்கள் அதையும் சேர்த்து வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். நான் வாங்கவில்லை, வாங்கியிருக்க வேண்டும்.

கைகொடுத்ததைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் குட்டநாட்டின் உட்கால்வாய்களில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. கடல்மட்டத்துக்கும் தாழ்வான வயல்கள் ஒருபக்கம், வரப்புக்கு மேலே நாங்கள் வலித்துப் போகும் நீர் இன்னொரு பக்கம். கொடியின் வேர் தகட்டைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு வலிப்பும் நனைந்த பாயை இழுப்பது போல இருக்கும். அந்த ஆறு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முன்னேற்பாடில்லாமல் வந்த இருவர் அன்று மாலையே துணைப்படகுக்கு மாறிவிட்டார்கள். நான்காம் நாள் வேம்பநாட்டுக் காயலில் எதிர்பார்த்ததற்கு முன்பே காற்று எழுந்து, அலை பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியபோதும், தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்கள் கண்ணுக்குத் தெரிந்தபின் இன்னும் ஒரு மணி நேரம் வலிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாட்களிலும் என் கால் தளரவில்லை, மூச்சு வாங்கவில்லை, முதுகு வலிக்கவில்லை. அதிகாலை ஐந்து மணிக்குப் பட்டாலையில், யாரும் பார்க்காமல், 18 வலிப்பில் கழித்த தொண்ணூறு நிமிடங்களே அதற்குக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பயணத்தின் மொத்தத் தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1924-இல் தொடங்கிய சத்தியாகிரகத்தால் தமிழர்கள் அனைவருக்கும் தெரிந்த வைக்கத்தின் படகுத்துறையில், ஐந்தாம் நாள் பத்தரை மணிக்கு, என் சொந்தக் காலில் இறங்கி நின்றேன்.

பயணக் குழுவைப் பற்றி: நீரை அறிந்தவர்கள். படகுவீடுகளின் அலை வருவதை அரை நிமிடம் முன்பே கணித்து, தகடுகளை நீர்மேல் படுக்கவைத்துப் படகை நிலைநிறுத்தச் சொல்லிவிடுவார்கள். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் யாரையும் வலிக்க விடவில்லை. மிதவைச் சட்டை அணியாதவரைப் படகில் ஏற்றவே மாட்டோம் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. கப்பையும் கரிமீனும் மட்டையரிசிச் சோறும் வயிறாரப் போட்டார்கள். நான் கொட்டானில் கொண்டுபோன சீப்புச் சீடையும் மனகோலமும் இரண்டாம் நாளோடு தீர்ந்துபோனது என்பதையும் குறித்துவைக்கிறேன், காலை ஒன்பது மணிப் பசிக்கு அதைவிடப் பொருத்தமான பலகாரம் இல்லை.

ஆனால் துடுப்புப் பிடிகள் தேய்ந்து, மரம் வழுக்கியது. மூன்று படகுக்கும் சேர்த்து ஒரே ஒரு மாற்று இருக்கைச் சக்கரம்தான் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் எங்கள் படகில் ஒன்று உடைந்து, அதைப் பொருத்திய பிறகு மாற்று எதுவும் இல்லாமலே காயலில் இறங்கினோம். அது சரியல்ல. பதிவு செய்யும்போது, ஒற்றைத் துடுப்பா இரட்டைத் துடுப்பா என்று வந்தவரின் பழக்கத்தைக் கேட்டிருந்தால், என்னைப் போன்றவர்களுக்கு முதல் நாள் அரை மணி நேரம் கைகடக்கும் பயிற்சி கொடுத்திருக்கலாம், முட்டித் தோல் தப்பியிருக்கும்.

கருவியின் விலை எனக்கு லட்சத்தைத் தாண்டியது. பெரிய தொகை, மறைக்க ஒன்றுமில்லை. எடை குறைப்பதற்காக மட்டும் வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல சைக்கிளும் கண்மாய்க்கரைப் பாதையும் போதும். முன்பு துடுப்பு வலித்தவராக இருந்து, ஆறு எட்டாத ஊரில் வாழ்ந்து, மறுபடி ஒரு படகில் ஏற வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கிய பிறகு, பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது உண்மையான துடுப்பைக் கையில் எடுக்க வழி தேடுங்கள், சென்னையிலோ ஆலப்புழையிலோ, நான்கு நாள் கிடைத்தாலும் போதும். இருக்கை தரையிலிருந்து 36 சென்டிமீட்டர் உயரமே. முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் வீட்டில் பயன்படுத்துவதானால் 51 சென்டிமீட்டர் உயரக் கால் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். அம்மா இப்போது விளக்கு வைப்பதற்கு முன் பத்து நிமிடம், டாம்பரை 1-இல் வைத்து, மெதுவாக இழுக்கிறார், ஆனால் உட்காரும்போதும் எழும்போதும் என் கை வேண்டியிருக்கிறது.

துடுப்புப் பிடி, மாற்றுச் சக்கரம், கைகடக்கும் பயிற்சி ஆகிய மூன்றையும் பயணக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன். புதிய ரப்பர்ப் பிடிகள் போட்டுவிட்டதாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஒவ்வொரு படகிலும் இனி இரண்டு சக்கரம் இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மாசி மாதப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன். வலது கை முட்டியில் தோல் மூடிவிட்டது. நாளைக் காலை ஐந்து மணிக்குத் தொண்ணூறு நிமிடம்.